மலையை இன்னும் வெட்ட வேண்டாம், பஸ் விடுங்கள்: நெடுஞ்சாலை, போக்குவரத்துத் துறைகளுக்கு நீலகிரியிலிருந்து ஒரு திறந்த மடல்

மாண்புமிகு நெடுஞ்சாலைத் துறை அமைச்சர், மாண்புமிகு போக்குவரத்துத் துறை அமைச்சர், இரு துறைகளின் செயலாளர்கள், பொறியாளர்கள், அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு துறைகளுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. துறைச் செலவுக்குப் பணம் கேட்கும் உங்கள் மானியக் கோரிக்கைகள் சட்டமன்றத்தில் தனித்தனியாக வருகின்றன. ஒரு துறை ரோடு போடுகிறது, இன்னொரு துறை அந்த ரோட்டில் பஸ் விடுகிறது. சமவெளியில் இதனால் பெரிய தொந்தரவு இல்லாமல் இருக்கலாம். மலையில் ரோட்டை ஒரு மீட்டர் அகலமாக்க வேண்டுமென்றால் ஒரு பக்கம் மலையை வெட்ட வேண்டும், இல்லையென்றால் மறுபக்கம் பள்ளத்திலிருந்து சுவர் எழுப்ப வேண்டும். இவ்வளவு செலவும் ஆபத்தும் எதற்கு என்று கேட்டால், வாகன நெரிசல் என்று பதில் வருகிறது. அந்த நெரிசலை பஸ் விட்டே குறைக்க முடியுமா என்று ரோடு போடும் துறை கேட்பதில்லை. அது அதன் வேலையும் இல்லை. அதனால் இருவரிடமும் சேர்ந்தே கேட்கிறேன். நீலகிரியில் ரோட்டை அகலப்படுத்த ஒதுக்கும் பணத்தை இனி பஸ்ஸுக்கும், ரயிலுக்கும், நடந்து போகிறவர்களுக்கும் திருப்பிவிடுங்கள்.

ரோடே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பறித்த பச்சைத் தேயிலை அன்றைக்கே ஃபாக்டரிக்குப் போய்ச் சேர வேண்டும். கேத்தி பாலாடாவில் கழுவி மூட்டை கட்டிய கேரட் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வேண்டும். மஞ்சூரிலிருந்தோ பந்தலூரிலிருந்தோ பிரசவத்துக்குப் புறப்படும் ஆம்புலன்ஸ் நிற்காமல் போக வேண்டும். இதற்கெல்லாம் நல்ல ரோடு தேவை. நல்ல ரோடு என்றால் குழி இல்லாத, மழைநீர் வடிகிற, சுவர் சரியாத ரோடு. இன்னும் இரண்டு கார் சேர்ந்து போகும் அகலம் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

அகலப்படுத்தும் வேலை நடக்கும் ஓர் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஜே.சி.பி. முதலில் கை வைப்பது சரிவின் அடியில்தான். மேலே இருக்கும் மண், தேயிலைச் செடி, சில்வர் ஓக் மரம், சில இடங்களில் வீடு, எல்லாவற்றின் பாரத்தையும் தாங்கி நிற்பது அந்த அடிப்பகுதி. வெட்டிய பிறகு ஆள் உயரத்துக்கு மேல் செங்குத்தாக, செக்கச் செவேலென்று மண் தெரியும். எங்கள் மலையின் பாறை சார்னோகைட், உறுதியானது. ஆனால் அதன் மேல்பகுதி காலங்காலமாக மழையில் ஊறி மக்கி, பல இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்குக் களிமண்ணாகக் கிடக்கிறது. காய்ந்திருக்கும்போது அது அசையாமல் நிற்கும். தண்ணீர் ஏறினால் பாரம் கூடும், பிடிப்பு விட்டுப்போகும். அதனால்தான் மார்ச்சில் வெட்டும்போது ஒன்றும் ஆகாத இடம் நவம்பரில் சரிகிறது. தாங்குசுவர் கட்டினாலும், தண்ணீர் கசிய வைத்த துளைகள் மண் அடைத்துப் போனால் சுவரே தண்ணீரைத் தேக்கி வைக்கிறது. ஒரு சிறு பாலத்தின் அடியில் பிளாஸ்டிக்கும் மண்ணும் அடைத்துக்கொண்டால், ஓடை ரோட்டின் மேல் ஏறி அடுத்த சரிவை அரிக்கிறது.

சரிவில் கம்பிகளைச் செலுத்தி, வலை போர்த்தி, புல் வளர்த்து மண்ணைப் பிடித்து வைக்கும் முறையை உங்கள் பொறியாளர்கள் இங்கே கொண்டுவந்தார்கள். நல்ல வேலை, அதைப் பாராட்டுகிறேன். ஏற்கெனவே வெட்டிய சரிவுகளுக்கு அதைச் செய்து முடிக்கவே பல வருடம் ஆகும். புதிதாக வெட்டிக்கொண்டே போனால் எந்தக் காலத்தில் முடிப்பது?

1993இல் மரப்பாலத்தில் ரோடே பெயர்ந்து போனதை எங்கள் பெரியவர்கள் இன்னும் பேசுகிறார்கள். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, ஊட்டிப் பக்கம் நடந்த நிலச்சரிவுகளில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள், ரோடும் ரயில் பாதையும் ஒருசேர அறுந்தன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மி.மீ. மழை கொட்டியது. மாவட்டத்தில் பேரிடர் அபாயம் உள்ளவை என்று 283 இடங்களை மாவட்ட நிர்வாகமே பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. மழை இனி குறைந்து பெய்யும் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, புதிய திட்ட வரைபடத்தின் மேல் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சரி, நெரிசலுக்கு வருவோம். 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கு இது: நீலகிரிக்குள் நாளொன்றுக்கு 11,509 கார், 1,341 வேன், 637 பஸ், 6,524 இருசக்கர வாகனம், ஆக மொத்தம் 20,011. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான், மலை ஏறும் வண்டிகள் இணையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கும் இ-பாஸ் முறையை நீதிமன்றம் கொண்டுவந்தது. எல்லோரும் இருபதாயிரம் என்ற மொத்தத்தைப் பேசினோம். நான் அதில் பஸ்ஸின் வரியைப் பார்க்கச் சொல்கிறேன். நூறு வண்டிக்கு மூன்றுதான் பஸ். ஆனால் பஸ்ஸுக்கு 45 பேர் என்று இருக்கைக்கு ஓர் ஆளாக வைத்தாலே அந்த 637 பஸ் 28,000 பேருக்கு மேல் ஏற்றி வந்துவிடும். காருக்கு நாலு பேர் என்று தாராளமாக வைத்தால், பதினொன்றாயிரத்துச் சொச்சம் காரில் வருவது ஏறக்குறைய 46,000 பேர். இவர்களில் பாதிப் பேர் பஸ்ஸுக்கு மாறினால் ரோட்டில் 5,700 காருக்கு மேல் குறையும். அவர்களை ஏற்றி வர பஸ்கள் 512 தடவை மலை ஏறினால் போதும். இவர்கள் எல்லோரும் மேட்டுப்பாளையம் வழியாகவே வருவதில்லை. கூடலூர் வழியாகக் கர்நாடகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வருகிறார்கள். அதனால் இந்த 512 தடவையும் இரண்டு மூன்று அடிவாரங்களுக்குப் பிரியும். எந்தக் கொண்டை ஊசி வளைவையும் அகலமாக்காமல் 5,700 காரைக் குறைக்கும் திட்டம் நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கிறதா? போக்குவரத்துத் துறையிடம் இருக்க முடியும்.

ரோட்டை அகலப்படுத்தினால் நெரிசல் தீர்ந்துவிடும் என்பதும் அனுபவத்தில் நிற்கவில்லை. இடம் கிடைத்தால் வண்டி கூடும். பிரிட்டனில் அரசே நியமித்த ஒரு நிபுணர் குழு 1994இலேயே இதை ஆராய்ந்து, புதிய ரோடு புதிய போக்குவரத்தை உண்டாக்குகிறது என்று எழுதிக் கொடுத்தது. எங்களுக்கு அறிக்கை படிக்க வேண்டிய அவசியமே இல்லை. குன்னூரைத் தவிர்த்து ஊட்டிக்குப் போகக் காட்டேரியிலிருந்து கேத்தி பாலாடா வழியாக மாற்றுப் பாதையை அகலப்படுத்தும் வேலை நடந்தது. சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிறவர்களைக் குன்னூர் வழியாகவும், இறங்குகிறவர்களைக் கோத்தகிரி வழியாகவும் விடுகிறார்கள். எந்த வழியாக ஏறினாலும் கடைசியில் எல்லா வண்டியும் வந்து நிற்பது ஊட்டியில், அதே சேரிங் கிராஸில், அதே பொட்டானிக்கல் கார்டன் ரோட்டில்தான். ஊட்டியை அகலப்படுத்த முடியாது. மலைப்பாதையில் வேகமாக ஏற விட்டால், நிற்க இடம் இல்லாத ஊருக்கு இன்னும் சீக்கிரமாகக் கொண்டுவந்து சேர்க்கிறோம், அவ்வளவுதான்.

அந்த நெரிசலில் மாட்டிக்கொள்வது யார் என்பதையும் சொல்ல வேண்டும். மே மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பாருங்கள். எஸ்டேட் வேலை முடிந்த பெண்கள், கூடையும் பையுமாக, வராத பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். பஸ் புறப்பட்டுவிட்டது, கட்டபெட்டில் கார் வரிசைக்குப் பின்னால் நிற்கிறது. ஒரு பஸ் ஒரு மணி நேரம் தாமதமானால் அன்றைக்கு அது ஓட வேண்டிய கடைசி நடை ரத்தாகிறது. கடைசி நடை போகிற ஊர்தான் எப்போதும் தொலைவில் இருக்கிற ஊர், ஆள் குறைந்த ஊர். அங்கே இறங்க வேண்டியவள் ஜீப்புக்குக் காசு தேடுகிறாள். இல்லையென்றால் காட்டெருமை நடமாடும் ரோட்டில் இருட்டில் நடக்கிறாள்.

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சமவெளியில் 2021இல் வந்தது. எங்கள் மலைக்கு 2024 பிப்ரவரியில்தான் வந்தது. தாமதமானாலும் வந்ததற்கு நன்றி. பஸ் கட்டணத்துக்கு எடுத்து வைக்கும் பணம் இப்போது பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்குப் போகிறது என்று என்னிடமே பலர் சொன்னார்கள். ஆனால் இலவசம் என்பது பஸ் வந்தால்தான் இலவசம். அடுத்த படி பஸ்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது.

என்ன செய்யலாம்? அடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டு பஸ்ஸில் ஏற வைக்க வேண்டும். இது எங்கேயும் நடக்காத கற்பனை இல்லை. 2018 வெள்ளத்தில் பம்பை சீர்குலைந்த பிறகு, சபரிமலைக்குப் போகிறவர்களின் வண்டிகளை நிலக்கல்லில் நிறுத்தி, அங்கிருந்து கேரள அரசு பஸ்ஸில் ஏற்றினார்கள். தமிழ்நாட்டிலிருந்து போகும் ஐயப்ப பக்தர்கள் லட்சக்கணக்கில் அந்த பஸ்ஸில் ஏறி இறங்கியவர்கள்தானே? மும்பைக்குப் பக்கத்தில் மாத்தேரான் மலை ஊருக்குள் காரே விடுவதில்லை. வாசலில் நிறுத்திவிட்டு நடந்தோ சின்ன ரயிலிலோ போகிறார்கள். திருவண்ணாமலை தீபத்துக்கு ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்ட் போட்டு லட்சக்கணக்கானவர்களைக் கையாள்வதே உங்கள் துறைதான். வருடத்தில் சில நாளுக்குத் தெரிந்த வேலையை ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கு மேட்டுப்பாளையத்தில் செய்ய முடியும்.

அப்புறம், மேட்டுப்பாளையம் வரைக்கும்கூட கார் வர வேண்டியதில்லை. கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 1873இலிருந்து ரயில் ஓடுகிறது. அந்த ரயிலை விட்டு இறங்கினவுடனே எதிரில் ஊட்டி பஸ் நிற்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் டைம் டேபிளே பார்க்க வேண்டாம். குழந்தையும் பெட்டியுமாக வருகிறவர்கள் காரை விட்டு இறங்க வேண்டுமானால் உட்கார இடம் நிச்சயம் என்று தெரிய வேண்டும், பெட்டி வைக்க இடம் வேண்டும், சுத்தமான கழிப்பறை வேண்டும், ராத்திரி வண்டி பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். ஊட்டிக்குள் பார்க்கிற இடங்களுக்குச் சீசனில் விடும் சுற்றுப் பேருந்தை வருடம் முழுவதும் விட வேண்டும். ஒரு தாங்குசுவருக்கு ஆகிற செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எந்த மாதிரி பஸ் என்பதும் முக்கியம். எங்கள் வளைவுகளுக்கு நீளம் குறைந்த வண்டிதான் சரி. நீள பஸ் ஒரே வீச்சில் திரும்ப முடியாமல் பின்னால் எடுத்து மறுபடி திரும்பும்போது, இறங்கி வரும் கார்க்காரர் மூக்கை நுழைத்துவிடுவார். ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பதெல்லாம் மலை டிரைவருக்குத் தெரியும். முதல் தடவை வருகிறவருக்குத் தெரியாது. பர்லியாரைத் தாண்டி இறங்கும்போது மூக்கில் ஏறுகிற பிரேக் கருகல் வாசனை பெரும்பாலும் பிரேக்கையே மிதித்து இறங்கும் காரிலிருந்து வருவதுதான். மலை தெரிந்த ஒரு டிரைவர் 45 பேரைக் கொண்டுவந்து சேர்ப்பது, மலை தெரியாத பதினொரு பேர் தனித்தனியாக ஓட்டி வருவதை விடப் பாதுகாப்பு.

மின்சார பஸ்ஸையும் யோசியுங்கள். சென்னையில் 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. திருமலை மலைப்பாதையில் அதற்கு முன்பே ஓடுகின்றன. மின்சார வண்டி இறங்கும்போது அதன் மோட்டாரே வேகத்தைக் கட்டுப்படுத்தி, பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பித் தருகிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் மீட்டர் இறக்கம் உள்ள பாதைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி எது? பைகாராவிலும் குந்தாவிலும் எங்கள் தண்ணீரில் எடுக்கிற மின்சாரம் சமவெளிக்கு இறங்குகிறது. அதில் கொஞ்சம் எங்கள் பஸ்ஸை ஏற்றட்டும்.

மலை ரயிலைப் பற்றி எழுதாமல் முடிக்க மனம் வரவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இல் வந்தது, 1908இல் ஊட்டியை எட்டியது. 46 கி.மீ., 208 வளைவு, 16 குகை, 250 பாலம். பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏறும் செங்குத்தை, தண்டவாளத்தின் நடுவில் இருக்கும் பல்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆனது. பெருமைதான். ஆனால் பாரம்பரியச் சின்னம் என்று ஆனதிலிருந்து அதைப் படம் எடுக்கிற பொருளாக மட்டும் பார்க்கப் பழகிவிட்டோம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் பல்சட்டம் இருப்பதால் ரயில் மெதுவாகத்தான் ஏற முடியும், அங்கே நடைகளைப் பெரிதாகக் கூட்டுவது கஷ்டம். குன்னூருக்கு மேலே அந்தச் சிக்கல் இல்லை. குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், ஊட்டி: சுமார் 19 கி.மீ., டீசல் என்ஜின் ஓடுகிறது, ஒவ்வொரு ஸ்டேஷனைச் சுற்றியும் ஊர் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. காலையிலும் மாலையிலும் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களுக்கு ஏற்ற நேரத்தில் கூடுதல் நடைகளும், உள்ளூர்க்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் சீசன் டிக்கெட்டும், அவர்களுக்கென்று ஒரு பெட்டியும் வேண்டும். ரயில்வே மத்திய அரசின் கையில் இருக்கிறது, தெரியும். மாநில அரசு கேட்டு எழுதலாம், செலவில் பங்கு தருவதாகச் சொல்லலாம்.

நடப்பவர்களை உங்கள் திட்ட வரைபடங்களில் நான் தேடுவதுண்டு. ரோடு அகலமாகும்போது முதலில் காணாமல் போவது ஓரத்தில் இருந்த மண் பாதை. பள்ளிப் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டின் மேல் நடக்கிறார்கள். ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, பஸ் ஸ்டாப்புக்கு இறங்கும் குறுக்குப் பாதைகளுக்குப் படிக்கட்டும் கைப்பிடியும் விளக்கும் போட்டுத் தந்தால், அதுவும் போக்குவரத்துத் திட்டம்தான்.

சுற்றுலாவை நம்பிப் பிழைக்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, எங்கள் வீடுகளிலும் அதே கேள்விதான். 2025இல் நீதிமன்றம் சீசனுக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000 வண்டி என்று வரம்பு வைத்தது. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. இ-பாஸ் வேண்டாம் என்று இங்கே வியாபாரிகள் கடையடைப்பே நடத்தினார்கள். அவர்கள் கோபத்தை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். வண்டிக்கு வரம்பு வைத்துவிட்டு வேறு வழி தராவிட்டால், வர நினைத்தவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். லாட்ஜ் அறை காலியாகக் கிடக்கும், பேக்கரியில் வர்க்கி விற்காது. ஆனால் அந்த வரம்பு வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை. அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவருக்கு இ-பாஸே தேவையில்லை. அப்படியானால் வரம்பும் இருக்க, வியாபாரமும் நடக்க ஒரே வழி பஸ்தான். காரில் வராதவர் ஊட்டியில் உள்ளூர் டாக்ஸி பிடிப்பார், ஆட்டோ பிடிப்பார், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் டீ குடிப்பார். நீதிமன்றம் பாதி வேலையைச் செய்துவிட்டது. மிச்சப் பாதி உங்களுடையது, அது இன்னும் தொடங்கவில்லை.

அரசுகள் இப்படி வண்டியைத் திருப்பியதே இல்லை என்று சொல்ல முடியாது. எங்களைப் போலவே மலையும் மழையும் உள்ள, பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸில், 2021இல் அரசு புதிய சாலைத் திட்டங்களை நிறுத்தி வைத்தது. தனிக் குழு ஒன்று அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. 2023 பிப்ரவரியில் பெரிய திட்டங்களில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. இனி ரோட்டுக்குப் பணம் வேண்டுமென்றால், மக்கள் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் நடைக்கும் மாற அது உதவுமா, விபத்தைக் குறைக்குமா, மாறும் பருவநிலையைத் தாங்க உதவுமா என்று கேட்டார்கள்; கார்கள் கூடுவதற்கு இடம் செய்யக் கூடாது என்றார்கள். இருக்கிற ரோட்டைப் பராமரிப்பதை நிறுத்தவில்லை. நீலகிரிக்கும், கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடருக்கும் இதே கேள்விகளை வைத்து ஒரு அரசாணை போட எது தடுக்கிறது? மலையில் கட்டடம் கட்டத் தனி விதி வைத்திருக்கும் மாநிலம் இது. பிளாஸ்டிக்குக்கு இந்த மாவட்டத்தில் தடை வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மலைக்குத் தனி விதி என்பது நமக்குப் புதிதில்லை.

உங்களிடம் உடனடியாகக் கேட்பது இதுதான். அடுத்த மானியக் கோரிக்கையின்போது, நீலகிரியில் ரோட்டை அகலப்படுத்த எவ்வளவு, இருக்கிற ரோட்டின் வடிகாலுக்கும் சுவருக்கும் எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு என்று இரண்டு துறைகளும் சேர்ந்து ஒரே தாளில் சட்டமன்றத்தில் வையுங்கள். ஒப்பந்தம் போடாத அகலப்படுத்தும் வேலைகளை நிறுத்தி வைத்து, அந்தத் தொகையில் வரும் ஏப்ரலுக்குள் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர், ஊட்டி, கோத்தகிரிக்குப் பத்து நிமிட பஸ்ஸைத் தொடங்குங்கள். கார் நிறுத்துமிடத்தை எங்கே அமைப்பது என்று முடிவு செய்யும் முன் மேட்டுப்பாளையத்துக்காரர்களிடம் கேளுங்கள்; எங்கள் நெரிசலை இறக்கி அவர்கள் தலையில் வைப்பதும் சரியில்லை. டிரைவர், கண்டக்டர் நியமனத்தை இப்போதே ஆரம்பிக்க வேண்டும். சமவெளியில் ஓட்டியவர்கள் மலைப்பாதைக்குப் பழகச் சில மாதமாவது ஆகும்; அதுவும் மழையிலும் பனிமூட்டத்திலும் பழகினால்தான் சீசனுக்கு அவர்களை நம்பி வண்டியைக் கொடுக்க முடியும்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வரும் ஒருத்தி